மெட்ரோபோலிஸ் இயந்திரப் பெண்ணின் கவசம்: அன்று செய்த விதமும் இன்று செய்யும் வழியும்

1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் பெர்லின் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் மௌனப் படத்தில், ஓர் இயந்திரப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து வருகிறாள். அவளுடைய தோளும் மார்பும் முழங்காலும் வார்த்து மெருகேற்றிய உலோகமாகவே கண்ணுக்குப் படுகின்றன. ஆனால் அந்த மேனி சணல் துணியின்மீது மரத்தூள் மக்கை, அதாவது மரப் பிளவுகளை அடைக்கும் குழைவான கலவையை, இழைத்துச் செய்யப்பட்டது. உலோகத் தோற்றத்தைத் தந்தது, மேலே தெளிக்கப்பட்ட வார்னிஷில் கலந்திருந்த வெள்ளிநிறப் பொடி. ஒரு சிற்பி கையாண்ட அந்த முறையை, நம் ஊர் ஹார்டுவேர் கடையிலும் மரம் அறுக்கும் பட்டறையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இன்றும் பின்பற்ற முடியும். மேடை நாடகத்திற்கோ குறும்படத்திற்கோ கல்லூரி விழாவிற்கோ இக்கவசத்தைச் செய்ய விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அன்று நடிகையின் உடலை வருத்திய குறைகள் எவை என்பதும் பதிவாகியிருப்பதால், அழகை அப்படியே எடுத்துக்கொண்டு துன்பத்தை மட்டும் விலக்கிவிடும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

முதலில் கவசம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். செய்முறையின் ஒவ்வொரு படியும் அதிலிருந்தே வருகிறது. படத்தின் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங். கதையும் திரைக்கதையும் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பூ எழுதியவை. அவருடைய நாவலில் வரும் இயந்திரப் பெண்ணின் மேனி பளிங்கு போன்றது. உள்ளிருக்கும் எலும்புகள் வெள்ளியாக ஒளிவிடும். ஏட்டில் இருந்த அந்த உருவத்தை உயிருள்ள ஒருவர் அணிந்து நடக்கக்கூடிய உடையாக மாற்றும் பொறுப்பு, சிற்பி வால்டர் ஷுல்ட்சே-மிட்டெண்டோர்ஃபிடம் வந்து சேர்ந்தது. உலோகத் தகட்டில் அடித்துச் செய்தால் எடை தாங்காது. துணியில் தைத்தால் உலோகமாகத் தெரியாது. இந்த நிலையில், மரச்சாமான்களின் பிளவுகளையும் ஓட்டைகளையும் அடைப்பதற்காக விற்கப்பட்ட ‘பிளாஸ்டிக் வுட்’ என்னும் பிசைந்து வடிக்கக்கூடிய மர மக்கின் மாதிரி ஒன்று தற்செயலாக அவர் கைக்குக் கிடைத்தது. ஈரமாக இருக்கும்போது விரும்பிய வடிவத்திற்கு வளைந்து, உலர்ந்தபின் மரத்தைப் போல இறுகும் அந்தப் பொருள் அவருடைய சிக்கலைத் தீர்த்தது.

இயந்திரப் பெண்ணாகவும் மரியா என்னும் மானிடப் பெண்ணாகவும் நடித்தவர் பிரிகிட்டே ஹெல்ம். அவருக்கு அதுவே முதல் படம். சிற்பி அவருடைய முழு உடலுக்கும் மாவுப்படி (பிளாஸ்டர் மாவில் எடுக்கும் அச்சு) எடுத்து, அதன்மீது கவசத்தை உருவாக்கினார். பெரிய பெரிய சணல் துணித் துண்டுகளை வெட்டி, அவற்றின்மேல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்திற்கு மக்கைப் பரப்பி, உருளைக் கட்டையால் தேய்த்துச் சமப்படுத்தி, அந்தத் தகடுகளை மாவுப்படியின்மேல் போர்வீரனுக்குக் கவசம் பொருத்துவதுபோல ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அவை இறுகியபின் மேற்பரப்பை இழைத்து, விளிம்புகளை வெட்டி, வெள்ளிநிறப் பொடி கலந்த, செலான் என்னும் ஒருவகை வார்னிஷைத் தெளிப்பானால் பூசினார். நாம் பின்பற்றப் போகும் வரிசையும் இதுவே.

பொருள் வாங்கும் முன் படத்தைப் பாருங்கள். 2008இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் காணாமற்போன பகுதிகள் கண்டெடுக்கப்பட்டபின் 2010இல் வெளிவந்த சீரமைக்கப்பட்ட பதிப்பைப் பார்ப்பது நல்லது. இயந்திரப் பெண் இயந்திர வடிவிலேயே தோன்றும் காட்சிகள் மிகச் சிலவே: அறிவியலாளர் ரோட்வாங்கின் வீட்டில் திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்து எழுந்து வந்து கைநீட்டும் காட்சியும், ஒளி வளையங்கள் சூழ மரியாவின் உருவத்தைப் பெறும் காட்சியும் முக்கியமானவை. அந்தக் காட்சிகளை நிறுத்தி நிறுத்தி, முன்புறம், பக்கவாட்டு, நடக்கும் நிலை என வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, எந்த இடத்தில் ஒரு தகடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைப் பென்சிலால் குறியுங்கள். அலங்காரங்கள் மிகக் குறைவு என்பதை அப்போது உணர்வீர்கள். முகத்தில் மேடுபள்ளங்கள் அடங்கியே இருக்கின்றன. இந்த உருவத்தின் கம்பீரம் வளைவுகளின் தூய்மையிலிருந்து வருகிறது. ஆணி, திருகு, குழாய், விளக்கு என்று எதையும் கூடுதலாக ஒட்டாதீர்கள்; ஒட்டினால் அது வேறொரு ரோபோவாகிவிடும்.

உடல்படி எடுத்தல்

இந்தப் படிக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் இங்கே நேரும் பிழையைப் பின்னால் எந்த வண்ணப்பூச்சாலும் மறைக்க முடியாது. ஹெல்மின் மாவுப்படி அவர் நின்ற நிலையில் எடுக்கப்பட்டது. நிற்கும் உடலும் உட்காரும் உடலும் ஒரே அளவில் இருப்பதில்லை: உட்காரும்போது வயிறு முன்தள்ளும், இடுப்பின் முன்பக்கம் மடியும், தொடை அகலும். கவசமோ நிற்கும் அளவிலேயே இறுகிப்போயிருந்தது. அதனால்தான் அதற்குள் உட்காருவதும் குனிவதும் ஹெல்முக்கு வேதனையாக இருந்தன; உடலில் வெட்டுக்காயங்களும் கன்றிப்போன தழும்புகளும் ஏற்பட்டன.

முழு உடலுக்கும் மாவுப்படி எடுக்க இன்று அவசியமில்லை. மாவு இறுகும்போது சூடாகும். கனமாக அப்பிய மாவு தோலைச் சுடும் அளவுக்குக்கூடச் சூடேறும். அதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. அணியப் போகிறவர் உடலை ஒட்டிய பழைய பனியனும் கால்சட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். அவற்றின்மேல் அகலமான துணி டேப்பை இரண்டு மூன்று அடுக்குகளாகச் சுற்றி ஒட்டுங்கள். மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லிவிட்டு மார்புப் பகுதியைச் சுற்றுங்கள். மூச்சை விட்ட நிலையில் சுற்றினால் கவசம் பின்னர் நெஞ்சை இறுக்கும். ஒட்டி முடித்தவுடன், முதுகின் நடுவில் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நேராக வெட்டிக் கழற்றி, வெட்டிய இடத்தை மீண்டும் டேப்பால் மூடி, உள்ளே பழைய துணியையும் செய்தித்தாளையும் இறுக்கமாக அடைத்தால் அணிபவரின் உடலளவிலேயே ஓர் உருவம் கிடைக்கும்; இதுவே நம் உடல்படி. நடுவில் ஒரு மரக்கம்பைச் செருகி அடியில் பலகையில் அறைந்துவிட்டால் அது நிலையாக நிற்கும். சுற்றும் வேலை முழுவதும் இன்னொருவர் செய்ய வேண்டியது. டேப்புக்குள் உடல் விரைவாகச் சூடாகும் என்பதால் மேலுடலையும் கால்களையும் தனித்தனியாகச் செய்து, இடையில் தண்ணீர் குடிக்கவைத்து, தலைசுற்றல் என்று அவர் சொன்ன உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். கழுத்தில் ஒருபோதும் டேப்பைச் சுற்றாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அணிபவரை ஒரு முக்காலியில் உட்காரச் செய்து, டேப் எங்கெங்கே மடிந்து சுருங்குகிறதோ அங்கெல்லாம் மார்க்கரால் கோடு போடுங்கள். இடுப்பின் முன்புறம், தொடையின் மேல்பகுதி, முழங்காலின் பின்புறம், அக்குள், முழங்கையின் உள்பக்கம் ஆகியவை கட்டாயம் மடியும். எந்தத் தகடும் இந்தக் கோடுகளைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் ஒரு விரற்கடை அகலமாவது வெறுமையாக விட வேண்டும். அந்த இடைவெளிகளில் உள்ளே அணியும் கருஞ்சாம்பல் நிற உடை தெரியும். அரங்கின் தொலைவில் அது நிழலாகவே தோன்றும். அசல் உருவத்திலிருந்து இது சற்று விலகுவதுதான் என்றாலும், அணிபவர் உட்கார முடியாத உடையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மக்கும் தகடும்

அக்காலத்து மர மக்கு, மரத்தூளைச் செல்லுலோஸ் வழிவந்த கரைசலில் குழைத்துச் செய்தது. கரைப்பானின் நெடி மிகுந்தது, தீப்பிடிக்கும் தன்மையும் கொண்டது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் கொண்டு அதே வேலையை நாம் நெடியின்றிச் செய்யலாம். அறுவைப் பட்டறையிலிருந்து மரத்தூளை வாங்கி, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து நுண்ணிய தூளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிலாம்பும் சுருளும் கலந்தால் மேற்பரப்பு ஒருநாளும் வழுவழுப்பாகாது. நான்கு பங்கு தூளுக்கு ஒரு பங்கு சாக்பவுடர் கலந்து, பசையைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சப்பாத்தி மாவின் பதத்திற்குப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் தூள் போதவில்லை. விரலால் மடித்தால் வெடித்தால் பசை போதவில்லை. சலிக்கும்போதும் கலக்கும்போதும் முகக்கவசம் அணிய வேண்டும்.

சணல் துணியைப் பொறுத்தவரை, நெருக்கமாக நெய்தது தேவை. அரிசிச் சாக்கு இழை இடைவெளி அதிகமானது. அதைப் பயன்படுத்தினால் இரண்டு அடுக்காக வைக்கலாம். துணியை வெந்நீரில் அலசி உலர்த்தித் தேய்த்துக்கொண்டால் பின்னர் சுருங்காது. உடல்படியின்மேல் செய்தித்தாளைப் படிய வைத்து ஒவ்வொரு தகட்டுக்கும் வெட்டுவடிவம் எடுத்து, அந்த அளவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை கூடுதலாகச் சணலை வெட்டுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை மேசைமீது விரித்து, சணலை வைத்து, இருபக்கமும் 2 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டங்களை வைத்து, நடுவில் மக்கைப் பரப்பி, மேலே இன்னொரு பிளாஸ்டிக் தாளால் மூடிப் பூரிக்கட்டையால் உருட்டுங்கள். கட்டை சட்டங்களின்மீது ஓடுவதால் எங்கும் ஒரே கனம் வரும். கனம் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கனமான தகடு உலரும்போது மேல்புறம் முந்திச் சுருங்கி வெடித்துவிடும். பலம் சணலிலிருந்து வருகிறது, வடிவம் மக்கிலிருந்து வருகிறது.

உடல்படியைச் சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் சுற்றிவிட்டு, ஈரத் தகட்டைச் சணல் உட்புறமாக இருக்கும்படி அதன்மேல் படியவைத்து அழுத்துங்கள். தோள், மார்பு போன்ற இருபக்கமும் வளையும் இடங்களில் தகடு மடிப்பு விழும். மடிப்பை அமுக்காமல் அந்த இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டுப்போட்டு, விளிம்புகளை ஒட்டவைத்து, விரலைத் தண்ணீரில் நனைத்து இணைப்பைத் தேய்த்து மறையுங்கள். பிறகு நிழலில் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். தட்டிப்பார்த்தால் மரப்பலகையின் ஓசை வரும்வரை உருவத்திலிருந்து கழற்றாதீர்கள். மழைக்காலத்தில் இதற்குப் பல நாள்கள் ஆகலாம், அவசரப்பட்டால் தகடு கையோடு நெளிந்து வரும்.

உலர்ந்த தகடுகளை நுண்பல் ரம்பத்தால் வெட்டுவடிவத்தின் அளவுக்குச் சீராக்குங்கள். ஹெல்முக்குக் காயங்களை உண்டாக்கியது வளைந்து கொடுக்காத கடினமான கவசம் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு விளிம்பையும் உருட்டையாகத் தேய்த்து, உட்புறம் மடியும்படி மெல்லிய தோல் அல்லது கம்பளித் துணிப் பட்டையை ஒட்டுங்கள். அக்குளிலும் இடுப்பிலும் இந்தப் பட்டை தடிமனாக இருக்கட்டும்.

அடுத்தது இழைப்பு. இதற்குக் குறுக்குவழி கிடையாது. 80ஆம் எண் உப்புத்தாளால் தொடங்கி 120, 220 என்று போய், பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசி, குழிகளில் மெல்லிய மக்கு தடவி, மீண்டும் இழைத்து, 400ஆம் எண் நீர்த்தாளில் முடிக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தால் நேர்வெளிச்சத்தில் தெரியாத அலைகள் தெரியும். வெள்ளிநிறம் ஒவ்வொரு குறையையும் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. ஆகவே பிரைமர் நிலையில் கண்ணுக்குப் படும் கீறல் எதையும் வண்ணம் மறைத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

தலைக்கவசம்

முகத்திற்கு மாவுப்படி எடுக்கும் வேலையைப் பயிற்சி இல்லாதவர்கள் செய்ய வேண்டாம். மூச்சுவழி அடைபடும் ஆபத்து உண்டு. துணிக்கடைகளில் வைக்கும் பொம்மைத் தலை ஒன்றை வாங்கி, அணிபவரின் தலைச் சுற்றளவைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை கூடுதலாக வரும்வரை களிமண்ணை அப்பி, அதன்மேல் முகத்தை வடிப்பது நல்லது. மூக்கு, உதடு, கன்னம் ஆகியவற்றை அளவோடு வையுங்கள். மானிட முகத்தின் விவரங்கள் கூடக்கூட இயந்திரத்தின் அமைதி குறையும். களிமண் உலர்ந்தபின் பிளாஸ்டிக் உறை சுற்றி அதே மக்குத் தகடுகளைப் பொருத்தி, உலர்ந்ததும் காதுகளுக்குப் பின்னால் வெட்டி முன்பாதி, பின்பாதி என இரண்டாக்குங்கள். இரண்டையும் காந்தங்களாலோ வெல்க்ரோ பட்டையாலோ இணைத்தால், அணிபவர் தாமாகவே ஒரே இழுப்பில் கழற்ற முடியும். இந்த ஏற்பாட்டில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இயந்திரப் பெண் மரியாவாக மாறும் காட்சி நீண்ட நேரம் படமாக்கப்பட்டபோது போதிய காற்றின்றித் தாம் ஒருமுறை மயங்கி விழுந்ததாக ஹெல்ம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். படப்பிடிப்பு இடைவேளையில் எடுக்கப்பட்ட புகைப்படங்களில், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உடற்கவசத்தோடு இருக்கும் அவரை உதவியாளர்கள் சூழ்ந்து நின்று ஆசுவாசப்படுத்துவதைப் பார்க்கலாம். முகம் தெரியாத அந்தக் கவசத்திற்குள் தாமே இருந்தாக வேண்டுமா என்று அவர் கேட்டும், லாங் மாற்றுநடிகரை ஏற்கவில்லை. அந்த நடையில் தெரியும் உயிர்ப்பு அவருடையது என்பதால் கலைநோக்கில் லாங் எடுத்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். அதற்கான விலையை ஓர் இளம் நடிகையின் உடல் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் தலைக்கவசத்தில் கண், மூக்கு, வாய்ப் பிளவுகளுக்குப் பின்னால் கரிய வலைத்துணியை ஒட்டி, உச்சியின் பின்புறத்திலும் தாடையின் அடியிலும் விரல் நுழையும் அளவில் பல துளைகள் இடுங்கள். பார்வையாளருக்கு அவை தெரியாது.

வண்ணமும் அணியும் முறையும்

வெள்ளிநிறத்தை நேரடியாகப் பிரைமர்மீது அடித்தால் அலுமினியப் பாத்திரத்தின் வெளிறிய நிறமே கிடைக்கும். முதலில் பளபளக்கும் கறுப்பு வண்ணத்தை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து நன்கு உலரவிட்டு, அதன்மேல் சில்வர் ஸ்பிரேயை ஓரடித் தொலைவிலிருந்து பனிபோல விழும்படி அடியுங்கள். அடியிலிருக்கும் கறுப்பு, உலோகத்திற்குரிய ஆழத்தைத் தரும். மொட்டைமாடி போன்ற திறந்த இடத்தில், காற்றடிக்காத காலை நேரத்தில், கரைப்பான் ஆவிக்கு உரிய வடிகட்டி உள்ள முகக்கவசத்தோடு இதைச் செய்ய வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால் பளபளப்பு மங்கிவிடும். முழுவதும் உலர்ந்தபின் இணைப்புகளின் பள்ளங்களில் மட்டும் நீர்த்த கறுப்பு வண்ணத்தைத் தடவி உடனே துடைத்தால், தகடுகள் தனித்தனியாக எடுப்பாகத் தெரியும். சிலர் பொன்னிறம் பூசுகிறார்கள். சிற்பி பயன்படுத்தியது வெள்ளிநிறப் பொடி என்பதால் நான் வெள்ளியையே பரிந்துரைக்கிறேன்.

பொன்னிற எண்ணம் பெரும்பாலும் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் சி-3பிஓ ரோபோவிலிருந்து வருகிறது. ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி 1975இல் அந்த ரோபோவுக்கு வரைந்த முதல் உருவம் மெட்ரோபோலிஸ் இயந்திரப் பெண்ணை வெளிப்படையாகப் பின்பற்றியது. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் சிக்கல்கள் மாறவில்லை என்பது வியப்பளிக்கிறது: நடிகர் ஆந்தனி டேனியல்ஸின் உடலுக்கும் மாவுப்படி எடுத்தார்கள், அவராலும் அந்த உடையில் உட்கார முடியாமல் சாய்வுப் பலகையில் சாய்ந்தே ஓய்வெடுத்தார், 1976இல் துனீசியாவில் படப்பிடிப்பு தொடங்கியபோது கால்பகுதித் தகடு உடைந்து அவர் பாதத்தில் குத்தியது. கடினமான தகடு எந்தப் பொருளால் ஆனாலும் மடிப்பிலும் விளிம்பிலும்தான் மனிதரைக் காயப்படுத்தும்.

அணியும்போது உள்ளே முழுக்கை, முழுக்கால் பருத்தி உடை வேண்டும். தகடுகளை அகலமான எலாஸ்டிக் பட்டைகளால் இணையுங்கள். பட்டையை ஒட்டுவதோடு நிறுத்தாமல் துளையிட்டுத் தைத்துவிட்டால் நடுவில் அறுந்து விழாது. மார்புத் தகட்டின் எடை தோள்பட்டைகளில் இறங்க வேண்டும், கழுத்தில் இறங்கக்கூடாது. தொடைத் தகடுகளை இடுப்புப் பட்டியிலிருந்து தொங்கவிடுங்கள். கால்களிலிருந்து தொடங்கி மேல்நோக்கி அணிந்து, தலைக்கவசத்தை மேடையேறும் நேரத்தில்தான் போட வேண்டும். தொடர்ந்து பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தலைக்கவசத்தோடு இருக்க விடாதீர்கள்; அணிபவருக்கு அருகில் அவரை மட்டுமே கவனிக்கும் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். சிறுவர்களுக்குச் செய்வதானால் மக்கை விட்டுவிட்டு ஈவிஏ ஃபோம் என்னும் மென்மையான நுரைத் தாளில் செய்யுங்கள். அதில் இந்த உலோகத் தோற்றம் வராது, ஆனால் விழுந்தாலும் அடிபடாது.

நடையை ஒத்திகை பார்க்க வேண்டும். படத்தில் இயந்திரப் பெண் எழும்போது தலையும் முதுகும் ஒரே கோட்டில் உயர்கின்றன. ஒவ்வொரு அடியும் முழுதாக முடிந்தபின்னரே அடுத்தது தொடங்குகிறது. கைகளை வீசாமல், பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்து, திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பயின்றால், ஃபோமில் செய்த கவசம்கூட மேடையில் கனமான உலோகமாகத் தெரியும்.

ஹெல்ம் அணிந்த அசல் கவசம் இன்று இல்லை. பாரிஸில் உள்ள பிரெஞ்சு சினிமாதெக் என்னும் திரைப்படக் காப்பகத்தில் இருப்பது, சிற்பி தாமே 1970களில் மீண்டும் செய்து தந்த நகல். நாம் செய்வதும் மரத்தூளும் சணலும் சேர்ந்ததே என்பதால் ஈரமும் கரையானும் பூஞ்சையும் அதற்குப் பகை. தகடுகளின் உட்புறத்திலும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து மூடிவிடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னரும் வியர்வையைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரவு உலர்த்தி, உடல்படியின்மேலேயே மாட்டி, மெல்லிய பருத்தித் துணியால் போர்த்தி, சுவரை ஒட்டாமல் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கி வெள்ளிப்பூச்சு உரிந்துவிடும்.